ஆர்பிஎஃப்காரர் ஏன் "ஜிஆர்பியிடம் போங்க" என்கிறார்?

கேள்வி இது: இரவு ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கைப்பை திருட்டுப் போனது. பெட்டியில் துப்பாக்கியோடு வந்த காக்கி உடைக்காரரிடம் சொன்னோம். "நாங்க ஆர்பிஎஃப். நீங்க ஜிஆர்பியிடம் புகார் கொடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். நாடு முழுக்க ஒரே ரயில்வேதானே, எதற்கு இரண்டு போலீஸ்? இவர்கள் எப்போது, எதற்காக வந்தார்கள்? அவர் தட்டிக்கழித்தாரா?

பாதி சட்டத்தைச் சொன்னார், பாதி தட்டிக்கழித்தார். எந்தப் பாதி எது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால், நூற்றைம்பது ஆண்டுகள்.

முதலில் ஒரு விஷயம். இந்தியா முழுவதற்குமான ரயில்வே போலீஸ் என்று ஒரு படை கிடையாது. நாடு முழுக்க இருப்பது ஆர்பிஎஃப், அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை. அது ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருகிறது. உள்துறைக்குக்கூட அது சொந்தமில்லை. ஜிஆர்பி என்பது அந்தந்த மாநிலக் காவல்துறையின் ஒரு பிரிவு. தமிழ்நாட்டில் நிலையங்களில் 'இருப்புப்பாதை காவல் நிலையம்' என்று பலகை தொங்குகிறதே, அதுதான். நமக்கு இங்கே சென்னை, திருச்சி என்று இரண்டு இருப்புப்பாதைக் காவல் மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எஸ்பி. திருட்டு, வழிப்பறி, கொலை, பாலியல் குற்றம் என்று எது நடந்தாலும் எஃப்ஐஆர் போடுவதும் புலன்விசாரணை செய்வதும் இவர்கள் வேலை.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ரயில்வே ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. காவல்துறை மாநிலப் பட்டியலில். அந்த இரண்டாவது இனத்தில் 'ரயில்வே காவலும் கிராமக் காவலும் உட்பட' என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, தண்டவாளம் டெல்லியுடையது, தண்டவாளத்தின் மேல் நடக்கும் திருட்டு சென்னையுடையது. ஜிஆர்பிக்கு ஆகும் செலவை மாநில அரசும் ரயில்வேயும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் நாகர்கோவில் சந்திப்புக்குப் போங்கள். அந்த நிலையம் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் ஆர்பிஎஃப் இன்ஸ்பெக்டர் திருவனந்தபுரத்தில் உள்ள தன் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே நிலையத்தின் இருப்புப்பாதைக் காவல் நிலையமோ தமிழ்நாடு காவல்துறையைச் சேர்ந்தது. ஆர்பிஎஃப்புக்கு எல்லை ரயில்வேயின் கோட்டம், மண்டலம். ஜிஆர்பிக்கு எல்லை மாநிலம். இரண்டு வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கோடுகள் எங்கும் பொருந்தாது.

சரி, இது எப்படி வந்தது?

பம்பாய்–தானே ரயில் ஓடியது 1853இல். அடுத்த ஆண்டே கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி தன் ஊழியர்கள் சிலருக்குப் 'போலீஸ்' என்று பெயர் கொடுத்து வேலைக்கு வைத்தது. நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் கிளம்பிய 1856க்கெல்லாம் முன்பே ரயில்வேயில் காவல் என்ற எண்ணம் வந்துவிட்டது. 1861இல் போலீஸ் சட்டம் வந்த பிறகு அரசாங்கப் போலீஸும் தண்டவாளத்துக்கு வந்தது. கம்பெனிக்காக உழைப்பது யார், அரசாங்கத்துக்காக உழைப்பது யார், சம்பளம் யார் கொடுப்பது என்று எல்லாம் குழம்பிக் கிடந்த காலம்.

1872இல் ஒரு ரயில்வே போலீஸ் குழு உட்கார்ந்து இதைப் பிரித்தது. சட்டம் ஒழுங்கும் குற்றமும் அரசாங்கப் போலீஸுக்கு. கம்பெனியின் சொத்தையும் அதனிடம் ஒப்படைக்கப்பட்ட சரக்கையும் காப்பது கம்பெனியின் சொந்தக் காவலுக்கு. நடைமுறையில் இந்தப் பிரிவினை 1882 வாக்கில் அமலுக்கு வந்தது. உங்கள் அம்மாவின் கைப்பை விவகாரத்தில் அன்று ரயிலில் நடந்ததற்கு விதை போட்டது இந்தப் பிரிவினைதான். அரசாங்கப் போலீஸ் என்று அன்று ஒதுங்கிய பகுதி இன்றைய ஜிஆர்பி. கம்பெனிக் காவல் என்று ஒதுங்கியது பல பெயர் மாறி இன்றைய ஆர்பிஎஃப்.

பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கே ரயிலுக்கென்றே முழு அதிகாரமுள்ள ஒரு தனிப் போலீஸ் படை வளர்ந்தது. பிளாட்பாரத்தில் கொலை நடந்தாலும் அவர்களே விசாரிப்பார்கள். ரயிலை இங்கே கொண்டுவந்தவர்கள் அந்த ஏற்பாட்டை மட்டும் கொண்டுவரவில்லை.

கம்பெனிகள் ஏன் தங்கள் காசைப் போட்டுக் காவல் வைத்தன? கணக்கு எளிது. கோயம்புத்தூர் பஞ்சு மூட்டையை ரயிலில் ஏற்றி ரசீது வாங்கிவிட்டால், அது போய்ச் சேரும்வரை பொறுப்பு ரயில்வேயுடையது. வழியில் காணாமல் போனால் வியாபாரி நஷ்டஈடு கேட்பார். பயணி தன் கையில் வைத்திருக்கும் பைக்கு ரசீது கிடையாது, எனவே நஷ்டஈடும் கிடையாது. இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். இன்று நடப்பில் இருக்கும் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பயணி தன் பொறுப்பில் எடுத்துச் செல்லும் மூட்டை முடிச்சு தொலைந்தால், ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் கவனக்குறைவோ தவறோதான் காரணம் என்று நிரூபித்தால்தான் ரயில்வே பொறுப்பாகும். பணம் எங்கே கைவிட்டுப் போகுமோ அங்கேதானே யாரும் காவல்காரனை நிறுத்துவார்கள்? சரக்குக் கொட்டகையில் நிறுத்தினார்கள், பயணிகள் பெட்டியில் நிறுத்தவில்லை.

அந்தக் காவல்காரர்கள் சௌகிதார்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்கோ அந்தந்த இலாகா அதிகாரிக்கோ கீழே வேலை பார்த்தார்கள். கையில் தடி, இன்னொரு கையில் லாந்தர். கூட்ஸ் ஷெட்டைச் சுற்றி வர வேண்டும், யார்டில் நிற்கும் வேகன்களின் சீலைப் பார்க்க வேண்டும். சரக்கு ஏற்றிய வேகனின் கதவைச் சாத்திக் கம்பி கோர்த்து ஈயத்தில் முத்திரை அடிப்பார்கள். ஒவ்வொரு யார்டிலும் யாராவது ஒருவர் அந்தச் சீல் முழுசாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் குறித்துவைத்தால்தான், சரக்கு எந்த இரண்டு யார்டுகளுக்கு நடுவே காணாமல் போனது என்று பிறகு சொல்ல முடியும். வேலை அலுப்பானது. ஆனால் நஷ்டஈட்டு வழக்குகள் எல்லாம் அந்தக் குறிப்பேட்டில்தான் போய் நின்றன. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தச் சௌகிதார்களை ஒரே அதிகாரியின் கீழ் கொண்டுவந்து 'வாட்ச் அண்ட் வார்டு' என்று இலாகாவாக ஆக்கினார்கள். பழைய ரயில்வே குடும்பங்களில் பெரியவர்கள் சிலர் இன்னமும் ஆர்பிஎஃப்காரரை 'வாட்ச் அண்ட் வார்டு' என்றே சொல்வார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு, ஒரு பாதுகாப்பு ஆலோசகரை நியமித்து, 1950களின் நடுவில் இந்த இலாகாவைப் படையாகத் திருத்தினார்கள். 1957 ஆகஸ்ட் 29இல் ரயில்வே பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் நோக்கம் 'ரயில்வே சொத்தின் மேலான பாதுகாப்பு' மட்டுமே. பயணி என்ற சொல்லுக்கு அந்த நோக்கத்தில் இடமில்லை. அதிகாரமும் குறைவு. வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், சோதனை போடலாம். பிடித்தவரைத் தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். திருடனைப் பிடிப்பது இவர், வழக்கு அவர் கையில். இதனால் ஏற்பட்ட மனத்தாங்கல் கொஞ்சநஞ்சமல்ல என்று ஊகிக்க வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. அரசு அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

1962இல் சீனப் போர்ச் சூழலில் ஒரு சிறப்புப் பிரிவை அமைத்தார்கள். 1965இல் அதற்கு ரயில்வே பாதுகாப்புச் சிறப்புப் படை என்று பெயர் வந்தது. பட்டாலியன்களாக இருக்கும் பிரிவு அது. கலவரம், தேர்தல், திருவிழாக் கூட்டம் என்று தேவைப்படும் இடத்துக்கு அனுப்புவார்கள். திருச்சியிலும் ஒரு பட்டாலியன் உண்டு.

உண்மையான திருப்பம் 1966இல் வந்த சட்டம். பெயர் நீளம்: ரயில்வே சொத்துச் சட்டவிரோத உடைமைச் சட்டம். என் பார்வையில் ஆர்பிஎஃப்பின் பல் இதில்தான் இருக்கிறது. 1955இலேயே இதுபோல ஒரு சட்டம் உண்டு, ஆனால் அது ரயில்வேயின் சொந்தத் தளவாடங்களோடு நின்றது. 1966 சட்டம், ரயில்வேயின் வசம் உள்ள எதுவும் ரயில்வே சொத்து என்றது. சரக்கு, பணம், பத்திரம், விலங்கு எல்லாம் அடக்கம். வேகனில் போகும் எருமைக்கும் அந்தப் பயணம் முடியும்வரை ரயில்வே சொத்து என்ற அந்தஸ்து.

இது எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடிக்கும் வளைந்த இரும்புக் கிளிப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெரிய கொக்கி மாதிரி இருக்கும். அப்படி நாற்பது கிளிப்புகள் ஒரு காயலான் கடை மூலையில் கோணிக்குள் கிடக்கின்றன. ஆர்பிஎஃப் உள்ளே போகிறது. சாதாரணத் திருட்டு வழக்கானால் இதை யார், எப்போது, எங்கிருந்து திருடினார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில், அது திருட்டு ரயில்வே சொத்தாக இருக்கலாம் என்ற நியாயமான சந்தேகத்தைக் காட்டினாலே கடைக்காரர் பக்கம் பாரம் திரும்பிவிடும். எனக்கு இது முறையாக வந்தது என்று அவர்தான் காட்ட வேண்டும். ரயில்வே கிளிப்பைக் கடையில் விற்பதில்லை என்பதால் அதைக் காட்டுவது கடினம். முதல் முறை மாட்டினாலே ஐந்தாண்டு வரை சிறை. திருடியவரைவிட வாங்குபவரைப் பிடிப்பது சுலபம் என்று கண்டுபிடித்த சட்டம் இது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தச் சட்டப்படி விசாரிக்கும் ஆர்பிஎஃப் அதிகாரி 'போலீஸ் அதிகாரி' ஆவாரா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை போனது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது இங்கே பழைய விதி. ஆர்பிஎஃப் போலீஸ் என்றால் அவர்களிடம் கொடுத்ததும் செல்லாமல் போகும். 1980இல் உச்சநீதிமன்றம், அவர்கள் அந்தப் பொருளில் போலீஸ் அதிகாரிகள் ஆகமாட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே காயலான் கடைக்காரர் ஆர்பிஎஃப்பிடம் எழுதிக்கொடுத்தது அவருக்கு எதிராகவே பயன்படும். 'நாங்க போலீஸ் இல்ல' என்ற அந்த வாசகம் சில நேரம் இவர்களுக்கு வசதியாகவும் இருக்கிறது பாருங்கள்.

1985இல் சட்டத்தைத் திருத்தி ஆர்பிஎஃப்பை 'ஒன்றியத்தின் ஆயுதப்படை' ஆக்கினார்கள். செப்டம்பர் 20ஐ அவர்கள் உதய நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். சௌகிதாரின் தடி ரைஃபிளாக மாறிய கதை சட்டப்படி முடிந்தது. தொழிற்சங்க உரிமை போன்றவையும் அதோடு போயின.

பயணி உள்ளே வந்தது இன்னும் தாமதமாக. 2003இல் செய்த திருத்தத்தில்தான் 'ரயில்வே சொத்து' என்பதோடு 'பயணிகள் பகுதி, பயணிகள்' என்ற சொற்களைச் சேர்த்தார்கள். 2004 ஜூலை 1 முதல் அது நடைமுறை. 1957இலிருந்து கணக்குப் போட்டால் 46 ஆண்டுகள்; 1882இலிருந்து என்றால் சொல்லவே வேண்டாம். அதே சமயம் ரயில்வே சட்டத்தையும் திருத்தி, அதில் உள்ள பெரும்பாலான குற்றங்களில் கைது செய்து, விசாரித்து, நேராக மாஜிஸ்திரேட்டிடம் போகும் அதிகாரத்தை ஆர்பிஎஃப்புக்குக் கொடுத்தார்கள். காரணமில்லாமல் அபாயச் சங்கிலியை இழுப்பது (141), அனுமதியின்றி டிக்கெட் வியாபாரம் (143), குடித்துவிட்டுத் தொந்தரவு (145), தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது (147), கூரையிலும் படிக்கட்டிலும் பயணம் (156), பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறுவது (162) இவையெல்லாம் இன்று ஆர்பிஎஃப் வழக்குகள். ரயிலைக் கவிழ்க்கும் சதி, பயணிகளுக்குக் காயம் விளைவிக்கும் நோக்கோடு கல்லெறிவது போன்ற பெரிய குற்றங்கள் (150 முதல் 152 வரை) போலீஸ் விசாரணைக்குப் போகும்.

இதில் 143 மட்டும் காலத்தோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் கவுன்டர் வரிசையில் ஆள் நிறுத்தி டிக்கெட் எடுத்து விற்றார்கள். இப்போது பல பெயர்களில் கணக்குத் தொடங்கி, மென்பொருள் வைத்து, தட்கல் திறந்த சில நொடிகளில் அள்ளுகிறார்கள். இணையம் வருவதற்கு முன் எழுதிய பிரிவு இ-டிக்கெட்டுக்குப் பொருந்துமா என்று கோட்டயம் ஆர்பிஎஃப் தொடர்ந்த ஒரு வழக்கில் சிக்கல் எழுந்தது. பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, இன்று ஆர்பிஎஃப் என்றால் சுமார் 75,000 பேர் கொண்ட படை. தலைமையில் ஒரு தலைமை இயக்குநர், வழக்கமாக ஐபிஎஸ் அதிகாரி. லக்னோவில் ஜகஜீவன்ராம் பெயரில் பயிற்சிக் கழகம். 2019 முதல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் சோதனை, பறிமுதல், கைது செய்யும் அதிகாரமும் உண்டு. இரவு ரயிலில் ஏறும் கஞ்சாப் பொட்டலம் பற்றிய செய்திகளில் அதனால்தான் இவர்கள் பெயர் அடிபடுகிறது.

ஆனால் இவர்கள் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் படுவது வேறு. வீட்டைவிட்டு ஓடி வரும் குழந்தைகள். பெரிய நிலையம் ஒன்றில் விடியற்காலை நின்று பாருங்கள். தூரத்து ரயில் வந்து கூட்டம் கலைந்த பிறகு, ஒரு பையன் மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்பான். கையில் பை இருக்காது, அல்லது பள்ளிக்கூடப் பை இருக்கும். இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்ததும் அனுபவமுள்ள கான்ஸ்டபிள் நெருங்கிவிடுவார். அடுத்த பத்து நிமிடத்தில் அவரோ ஒரு தரகரோ யார் முதலில் பேசுகிறார்கள் என்பதில் அந்தப் பையனின் வாழ்க்கை இருக்கிறது. 'நன்ஹே ஃபரிஷ்தே' என்ற பெயரில் ஆர்பிஎஃப் இதை ஒரு தனித் திட்டமாகவே நடத்துகிறது. மீட்ட குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது விதி. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு 'மேரி சஹேலி' என்ற ஏற்பாடு 2020 முதல் இருக்கிறது. ரயில் கிளம்பும் நிலையத்தில் பெண் காவலர்கள் வந்து பேசி, இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு, வழியில் உள்ள நிலையங்களுக்குத் தகவல் சொல்வார்கள். பெயர்கள் இந்தியில் இருப்பதால் நம் பக்கத்தில் பலருக்கு இவை இருப்பதே தெரியாது. அது ரயில்வேயின் பழைய வியாதி.

எல்லாம் நல்ல கதை என்று சொல்லவில்லை. 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் பாதுகாப்புக்கு வந்த ஆர்பிஎஃப் கான்ஸ்டபிள் ஒருவரே தன் மேலதிகாரியையும் மூன்று பயணிகளையும் சுட்டுக்கொன்றதாக வழக்கு. பயணியின் பாதுகாப்புக்கு என்று பெட்டிக்குள் ரைஃபிளை அனுப்பும்போது, அதைப் பிடித்திருப்பவரின் மனநிலையைப் பார்ப்பது யார் என்ற கேள்வியை அந்தக் காலைப்பொழுது எழுப்பியது.

ஜிஆர்பி பக்கம் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். அவர்கள் வேலையில் பெரும்பகுதி யாரும் பார்க்காதது: தண்டவாளத்தில் கிடக்கும் உடல்கள். காலையில் பாதையைப் பார்த்து நடந்து வரும் கீமேனோ, ரயில் ஓட்டி வந்த லோகோ பைலட்டோ தகவல் சொல்வார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு மெமோ எழுதி இருப்புப்பாதைக் காவல் நிலையத்துக்கு அனுப்புவார். இரண்டு காவலர்கள் கிலோமீட்டர் கல்லின் எண்ணைத் தேடிக்கொண்டு வெயிலில் ஜல்லிமேல் நடந்து போவார்கள். தற்கொலையா, கடக்கும்போது அடிபட்டதா, தள்ளிவிட்டார்களா என்று பார்த்து, சட்டைப்பையில் ஏதாவது விலாசம் கிடைக்குமா என்று தேடி, உடலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். யாரென்று தெரியாதவர் என்றால் அதோடு முடியாது. இப்படி நாள் முழுக்கப் போகும் ஒரு நிலையத்தில் உங்கள் கைப்பைப் புகார் வரிசையில் நிற்கிறது.

இரண்டு படைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு பெரிது என்பதற்கு 2016இல் மட்டுமே தமிழ்நாட்டில் இரண்டு உதாரணம் கிடைத்தது.

ஜூன் மாதம், நுங்கம்பாக்கம் நிலையத்தில் காலை வேளையில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சென்னையின் நடுவில் இருக்கும் அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. பிளாட்பாரத்தில் நடந்ததால் வழக்கு முதலில் இருப்புப்பாதைப் போலீஸிடம் இருந்தது. உயர்நீதிமன்றமும் கேள்வி கேட்கத் தொடங்கிய நிலையில், சில நாட்களில் மாநகரப் போலீஸுக்கு மாற்றினார்கள். துப்புக் கொடுத்தவை நிலையத்துக்கு வெளியே தெருக்களில் இருந்த கேமராக்கள்.

ஆகஸ்ட் மாதம் சேலம்–சென்னை எக்ஸ்பிரஸ். ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டிய பழைய நோட்டுகள், மொத்தம் 342 கோடி ரூபாய், தனிப் பெட்டியில் ஏற்றப்பட்டன. எழும்பூரில் திறந்து பார்த்தபோது கூரையில் ஓட்டை, 5.78 கோடியைக் காணோம். பெட்டி ரயில்வேயுடையது, பணம் வங்கிக்குரியது, காவலுக்கு வந்த மாநிலப் போலீஸ் பக்கத்துப் பெட்டியில். ஆர்பிஎஃப், இருப்புப்பாதைப் போலீஸ் எல்லோரும் கூரையின்மேல் ஏறிப் பார்த்தார்கள். கடைசியில் சிபிசிஐடிக்குப் போய், 2018இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பலைப் பிடித்தார்கள். திருட்டு நடந்து மூன்று மாதத்தில் பணமதிப்பிழப்பு வந்தது என்பது அந்தக் கும்பலின் தலைவிதி.

ஏன் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்று கேட்பீர்கள். முயற்சி நடந்தது. ஆர்பிஎஃப்புக்கு முழுப் போலீஸ் அதிகாரம் கொடுக்கும் திருத்தத்தை மத்திய அரசு எடுத்தபோது, 2012இல் பல மாநில முதல்வர்கள் எதிர்த்தார்கள். இங்கே ஜெயலலிதாவும் குஜராத்திலிருந்து அன்றைய முதல்வர் நரேந்திர மோடியும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். மாநிலத்தின் காவல் அதிகாரத்தில் கைவைக்கிறார்கள் என்பது வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன். ரயிலில் திருடியவனின் வீடு, கூட்டாளி, நகையை விற்ற கடை எல்லாம் ஊருக்குள் இருக்கும். அங்கே போய்த் தேட உள்ளூர்ப் போலீஸோடு ஒட்டுறவு உள்ள படைதான் வேண்டும். ஆனால் அந்த நியாயத்துக்கான விலையைக் கொடுப்பவர் பெட்டியில் நிற்கும் பயணி.

இப்போது உங்கள் அம்மாவின் பைக்கு வருகிறேன்.

திருட்டு வழக்கைப் பதிவு செய்து விசாரிக்கும் அதிகாரம் அந்த ஆர்பிஎஃப்காரருக்கு இல்லை. அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் பயணியின் பாதுகாப்பு 2004 முதல் அவர் வேலை. பெட்டியில் தேடிப் பார்ப்பது, அடுத்த நிலையத்துக்குத் தகவல் சொல்வது, புகார் எழுத உதவுவது எல்லாம் அவர் செய்திருக்க வேண்டியவை. "போங்க" என்று சொல்லி நகர்ந்ததுதான் தட்டிக்கழித்த பாதி.

இன்னொரு முறை நடந்தால் (நடக்க வேண்டாம்) ரயிலை விட்டு இறங்காதீர்கள். டிடிஇயிடமோ கார்டிடமோ எஃப்ஐஆர் படிவம் இருக்கும். கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தால் அடுத்த இருப்புப்பாதைக் காவல் நிலையத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. 139ஐ அழைத்தால் ஆர்பிஎஃப்புக்குத் தகவல் போகும். முன்பிருந்த 182ஐ அதோடு சேர்த்துவிட்டார்கள். மதுரையில் தூங்கி விழுப்புரத்தில் விழித்திருந்தால், திருட்டு எங்கே நடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியதில்லை. எந்த நிலையத்திலும் புகாரை வாங்கியாக வேண்டும். எல்லை தங்களுடையது இல்லை என்றால் ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது. மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. ஒரு சந்திப்பில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். கையில் ஒரு சிஎஸ்ஆர் ரசீதைத் திணித்தார்கள். எஃப்ஐஆர் என்று நினைத்து நானும் பத்திரமாக வைத்திருந்தேன். சிஎஸ்ஆர் என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சீட்டு மட்டுமே. பையில் போன், நகை, ஏடிஎம் அட்டை இருந்திருந்தால் எஃப்ஐஆர் என்று வாய்விட்டுக் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம்.